மலையடிவாரத்தில் நிறுத்திய வண்டி

ஆடி பிறந்தால் நம் ஊரில் ஆற்றங்கரைக்குப் போவார்கள். புனேயில் குடியேறிய நாம் கோட்டைக்குப் போகிறோம். ஜூன் மாதம் மழை இறங்கியதும் சஹ்யாத்ரி மலை பச்சை போர்த்துக்கொள்கிறது. லோஹகட், ராஜ்கட், தோரணா, ஹரிச்சந்திரகட் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக நம் குடும்பங்கள் கிளம்பிவிடுகின்றன. சற்றுத் தெம்புள்ளவர்கள் 1,646 மீட்டர் உயரமுள்ள கள்சுபாய் சிகரம் வரை போகிறார்கள். மகாராஷ்டிரத்தில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 இந்த மாநிலத்தில் உள்ளன. மீதமுள்ள ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. எனவே கோட்டை ஏறுவதில் நமக்கும் ஓர் உரிமை உண்டு என்று பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

கோட்டை ஏறுவது எப்படி என்று எழுத நம் சங்கத்தில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, நாம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது கீழே தனியாக நிற்கும் வண்டியைப் பற்றி. மோட்டார் காப்பீட்டில் இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வேலை எனக்கு. கண்ணாடி உடைந்த கார்களைப் பார்ப்பதும், அதன் சொந்தக்காரர்களிடம் என்ன போயிற்று என்று கேட்டு எழுதுவதும் என் அன்றாடப் பிழைப்பு. மழைக்காலத்தில் என் மேசைக்கு வரும் காகிதங்களில் கோட்டை அடிவாரத்தில் நிறுத்திய வண்டிகளும் இருக்கின்றன. அவற்றிலிருந்து நான் தெரிந்துகொண்டதை நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

திருடனின் கணக்கு

நகரத்தில் ஒரு காரின் கண்ணாடியை உடைக்கிறவனுக்கு ஒரு பயம் உண்டு. வண்டிக்காரர் மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாரா, சினிமாவுக்குப் போயிருக்கிறாரா என்று அவனுக்குத் தெரியாது. மலையடிவாரத்தில் அந்தச் சந்தேகமே இல்லை. குஞ்சவணே கிராமத்திலிருந்து ராஜ்கட் ஏறவே குடும்பத்தோடு இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்கு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு நடந்தவர் பகல் 1 மணிக்கு முன் திரும்ப மாட்டார் என்பது அங்கே நிற்கும் எவருக்கும் தெரியும். மழையும் காற்றும் சத்தத்தை விழுங்கிவிடும். கள்சுபாயில் சூரிய உதயம் பார்க்க நள்ளிரவுக்கு மேல் பாரி கிராமத்தில் வண்டியை விட்டுவிட்டு ஏறுகிறவர்கள் இருட்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இப்படி வருகிறவன் பெரும்பாலும் வண்டியைத் திருட வருவதில்லை. இப்போதைய கார்களில் சாவியில் உள்ள சில்லு இல்லாமல் எஞ்சின் உயிர் பெறாது. அவனுக்கு வேண்டியது கைப்பை, மணிபர்ஸ், மடிக்கணினி, காமிரா, செல்போன். முன்பக்கக் கண்ணாடி இரண்டு அடுக்குக் கண்ணாடியை நடுவில் ஒரு படலத்தால் ஒட்டிச் செய்தது. அது விரிசல் விடுமே தவிரச் சட்டென்று வழிவிடாது. கதவுக் கண்ணாடிகள் பெரும்பாலான கார்களில் அப்படியல்ல. அவை சூடேற்றி உடனே குளிரவைத்துப் பதமாக்கியவை. விபத்தில் நீளமான சில்லுகள் நம்மைக் குத்தக்கூடாது என்பதற்காகவே, ஓரிடத்தில் அடி விழுந்தாலும் முழுக் கண்ணாடியும் கற்கண்டு போலப் பொடிப்பொடியாக உதிரும்படி செய்திருக்கிறார்கள். நம் உயிரைக் காக்கும் அந்த ஏற்பாடு திருடனுக்கும் வசதியாகிவிடுகிறது. சில வினாடிகளில் வேலை முடிந்துவிடும்.

ஆகவே பூட்டை நம்பிப் பயனில்லை. கதவைப் பூட்ட வேண்டும். எல்லாக் கண்ணாடிகளையும் முழுக்க ஏற்ற வேண்டும். பொத்தானை அமுக்கியபின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும், உள்ளே ஏதோ இருக்கிறது என்று தோன்றிவிட்டால் கண்ணாடி நிற்காது. உடைப்பதால் பயனில்லை என்று அவனுக்குத் தோன்றச் செய்வதுதான் நம்மால் ஆகக்கூடிய காவல். அந்தக் காவலில் பெரும்பகுதி அடிவாரத்தில் நடப்பதில்லை. முந்தின நாள் இரவு நம் வீட்டில் நடக்கிறது.

போவது கண்ணாடி மட்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். நம்மவர்தான், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகக் கொண்டுவந்த மூலச் சான்றிதழ்கள் ஒரு பையில் பின் இருக்கையில் இருந்தன. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அதில்தான். போகிற வழியில் ஒரு கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். பையை எடுத்தவனுக்கு அந்தக் காகிதங்களால் ஒரு பைசா பயனில்லை. எந்த ஓடையில் வீசினானோ! கண்ணாடி ஒரு வாரத்தில் மாறிவிட்டது. சான்றிதழ்களின் நகல் வாங்க அந்தத் தகப்பனார் விடுப்புப் போட்டுவிட்டு மூன்று முறை ஊருக்கு ரயில் ஏறினார். உள்ளூர்க்காரர் ஒரு நாளில் முடிக்கிற வேலை, வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது. இதை நாம் தனியாக நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பலர் வீட்டுச் சாவிக்கொத்தை கிளவ் பாக்ஸில் போட்டுவிட்டு மலை ஏறுகிறார்கள். அதே பெட்டியில் வண்டியின் ஆர்.சி. இருக்கிறது. ஆர்.சி.யில் வீட்டு முகவரி அச்சாகியிருக்கிறது. சாவியும் முகவரியும் ஒருவன் கையில் சேர்ந்து, வீட்டுக்காரர் இன்னும் ஐந்து மணி நேரம் மலைமேல் இருப்பார் என்ற செய்தியும் அவனுக்குத் தெரிந்தால், நடக்கக்கூடியதை நான் விளக்க வேண்டியதில்லை.

முந்தின நாள் இரவு

முதல் வேலை, கிளவ் பாக்ஸைக் காலி செய்வது. மூல ஆர்.சி. வண்டியில் இருந்தே தீர வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆகியவற்றில் உள்ள ஆர்.சி.யும் ஓட்டுநர் உரிமமும் அசலுக்குச் சமமாக ஏற்கப்பட வேண்டும் என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டது. காப்பீட்டுப் பத்திரத்தையும் புகைச் சான்றிதழையும்கூட அப்படிக் காட்டலாம். எனவே அசல்களை வீட்டில் வையுங்கள். கிளவ் பாக்ஸைக் காலி செய்தபின் அதைத் திறந்தே விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. மூடியிருக்கும் பெட்டி ஆசையைத் தூண்டும். திறந்து காலியாகக் கிடக்கும் பெட்டி வெளியிலிருந்தே பதில் சொல்லிவிடும்.

இரண்டாவது, மலைக்குத் தேவையில்லாததை எடுத்துப்போகாமல் இருப்பது. ஐந்து கடன் அட்டைகள், சம்பளப் பணம், அலுவலக மடிக்கணினி, தாலிக்கொடி தவிர்த்த நகை, இவற்றுக்குக் கோட்டையில் என்ன வேலை? கொஞ்சம் ரொக்கம், ஓர் அடையாள அட்டை, ஒரு வங்கி அட்டை, செல்போன். இவை ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் உங்கள் உடம்போடு மேலே வரட்டும். அன்றாடம் சாப்பிடும் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும் உங்கள் பையில்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது சாவி. வீட்டுச் சாவி உங்களோடு வரட்டும், அல்லது நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்கட்டும். வண்டிச் சாவியை சட்டைப் பையில் போடாமல், ஜிப் வைத்த உள் பையில் ஓர் ஊக்கால் மாட்டிக்கொள்ளுங்கள். வண்டியின் இரண்டாவது சாவியைக் குழுவில் வேறொருவரிடம் கொடுங்கள். ஒருவர் பாறை இடுக்கில் சாவியைத் தவறவிட்டாலும் இன்னொன்று இருக்கும். சக்கரத்தின் மேல், பம்பருக்கு அடியில், கல்லுக்குக் கீழ் ஒளித்துவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. குனிந்து எழுந்தவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் ஒன்று போதும்.

நான்காவதாக, வண்டியில் இருக்க வேண்டிய பொருள்கள் சில உண்டு: ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்பு, அகலமான ஒட்டுநாடா, ஒரு பழைய துண்டு, ஒரு சிறு துடைப்பம். இவற்றை யாரும் திருட மாட்டார்கள். ஏன் வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன்.

டிக்கி ஒரு பெட்டகமா?

"எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். ஒன்று, பல கார்களில் ஓட்டுநர் இருக்கையின் பக்கத்திலேயே டிக்கி திறக்கும் நெம்பு இருக்கிறது. அல்லது பின் இருக்கையை மடக்கினால் டிக்கிக்குள் கை நுழைகிறது. கதவுக் கண்ணாடி போனால் டிக்கியும் போனது போலத்தான். இரண்டு, குடும்பங்கள் அதிகம் வாங்கும் சிறிய கார்களிலும் ஜீப் வகை வண்டிகளிலும் தனி டிக்கியே கிடையாது. பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டி மட்டும் இருக்கும். சில வண்டிகளில் அதுவும் இல்லை. கறுப்புப் படலம் ஒட்டி மறைக்கலாம் என்றால், அதை 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது.

மாற்று உடை, உணவுப்பை போன்ற சாதாரணப் பொருள்களை டிக்கியில் வைப்பதில் தவறில்லை. ஆனால் அவற்றை வீட்டிலேயே, கிளம்பும் முன்பே வைத்துவிட வேண்டும். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, நாலு பேர் பார்க்க டிக்கியைத் திறந்து, மடிக்கணினிப் பையை உள்ளே தள்ளி, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடுவது, எங்கே என்ன இருக்கிறது என்று அறிவிப்புப் பலகை வைப்பதற்குச் சமம். இதுவரை நான் கேட்டு எழுதிய வாக்குமூலங்களில் அடிக்கடி வந்த வரி இதுதான்: "டிக்கியில்தான் வைத்தோம், யாருக்கும் தெரியாதே!" எங்கே வைத்து மூடினீர்கள் என்று கேட்டால், "நிறுத்திய இடத்தில்தான்" என்பார்கள். சாமான்களை இடம் மாற்ற வேண்டியிருந்தால், வழியில் தேநீர் குடிக்க நிறுத்தும் இடத்தில் மாற்றிக்கொண்டு வந்து சேருங்கள்.

உள்ளே கண்ணில் படும் சிறு அடையாளங்களும் பேசும். செல்போன் மாட்டும் கொக்கி, தொங்கும் சார்ஜர் ஒயர், சில்லறைக் காசுகள், சுருட்டிவைத்த துணி, குழந்தையின் புத்தகப்பை. பையில் பழைய துணிதான் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், பார்க்கிறவனுக்குத் தெரியாது. உடைத்த பிறகுதான் அவனும் தெரிந்துகொள்வான். காலிப் பையைக்கூட வண்டியில் விடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

எங்கே நிறுத்துவது?

வண்டியை நிறுத்துமுன் தரையைப் பாருங்கள். மண்ணில் பச்சையும் வெள்ளையுமாகக் கற்கண்டுத் துகள்கள் போல மின்னினால், அங்கே முன்பே ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. அந்த இடம் வேண்டாம்.

சாலையோர வளைவில், மரத்தடியில் இலவசமாக நிறுத்துவதைவிட கிராமத்துக்குள் ஒரு வீட்டு முற்றத்தில், டீக்கடை வாசலில் பணம் கொடுத்து நிறுத்துவது நல்லது. பல கோட்டைகளின் அடிவாரத்தில் கிராமத்தாரோ, கூட்டு வன மேலாண்மைக் குழுவோ நிறுத்துமிடம் நடத்துகிறார்கள். ஐம்பதோ நூறோ கொடுத்தால் சீட்டுத் தருவார்கள். அந்தப் பணம் கொடுத்துவிட்டதால் பொறுப்பு அவர்கள் தலையில் என்று எண்ணவேண்டாம். நமக்குக் கிடைப்பது, அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் கண் பார்வை. நெடுந்தொலைவில் உள்ள காலி இடத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது கிடைக்காது.

வண்டியின் பின்பக்கத்தைச் சுவரையோ திண்டையோ ஒட்டினாற்போல் நிறுத்தினால் டிக்கியைத் திறக்க இடம் இராது. திரும்பும்போது நேராக வெளியேறவும் வசதி. மழைக்காலத்தில் மண் சரியும் மேட்டையும், ஓடை வழியையும், பட்ட மரத்தையும் தவிர்க்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும். மாட்டு வண்டிக்கும் எஸ்.டி. பேருந்துக்கும் வழி விட்டு நிறுத்துவது மரியாதை. வழியை அடைத்தவன் வண்டியை யாரும் அக்கறையாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இருசக்கர வண்டியில் போகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டிப் பூட்டை நம்பி மணிபர்ஸை வைக்காதீர்கள். அது மழைக்கோட்டு வைக்கும் இடம், அவ்வளவுதான். பெட்ரோல் டாங்கியின் மேல் மாட்டும் பையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடிப் பூட்டோடு, முன் சக்கரத்தில் ஒரு சங்கிலிப் பூட்டும் இருக்கட்டும். முடிந்தால் இரண்டு வண்டிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுங்கள். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் தொங்கவிடாமல் டீக்கடையில் ஒப்படையுங்கள்.

மாமாவிடம் ஒரு வார்த்தை

நம்மவர்களில் பலர் பத்து, இருபது ஆண்டுகள் இங்கே இருந்தும், மராத்தி சரியாக வராது என்ற கூச்சத்தால் அடிவாரக் கிராமத்தாரிடம் பேசாமலே மலை ஏறிவிடுகிறார்கள். அது தேவையில்லை. வயதில் மூத்த ஆணை இங்கே "மாமா" என்றும் பெண்ணை "மாவ்ஷி" என்றும் கூப்பிடுகிறார்கள். மாமா நமக்கும் மாமாதான். "மாமா, காடீகடே லக்ஷ் டேவா" என்றால், "வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொருள். ஏறும் முன் அவர் கடையில் ஒரு தேநீர் குடியுங்கள். திரும்பும் நேரத்தைச் சொல்லி, பகல் சாப்பாட்டுக்கு பிட்லா-பாக்ரி சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் வண்டிக்கு அப்போது ஒரு முகம் வந்துவிடுகிறது. யாராவது அதன் பக்கத்தில் நின்றால், "அது சாப்பிட வரப்போகிற குடும்பத்தின் வண்டி ஆயிற்றே" என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கண்ணாடி உடைந்தால் உடனே கிராமத்துப் பையன்களைச் சந்தேகிப்பது ஒரு பொல்லாத வழக்கம். அடிவாரக் கிராமங்கள் பலவற்றுக்கு இந்த மழைக்கால வருமானம் பெரிய ஆதாரம். ஒரு வண்டி உடைந்தால் அடுத்த வாரம் கூட்டம் குறையும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். வெளியூரிலிருந்து பைக்கில் வந்து பத்து நிமிடத்தில் காரியத்தை முடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நாமும் ஒரு காலத்தில், ஏதாவது காணாமற்போனால் "புதிதாக வந்த மதராசி" என்று முதலில் பார்க்கப்பட்டவர்கள். அந்தப் பார்வையின் சூடு தெரிந்த நாம் அதை இன்னொருவர் மேல் வைக்கக்கூடாது.

ஊருக்குப் போகும் வழியில்

மிக அதிக இழப்பு வருவது ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் அல்ல. கோடை விடுமுறையில் காரிலேயே ஊருக்குப் போகும்போதுதான். புனேயிலிருந்து சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, பெங்களூர் வழியாக நெடுஞ்சாலை எண் 48-ல் போகிறோம். வண்டி கொள்ளாத சாமான். கல்யாணத்துக்கு வேண்டிய பட்டுப்புடவை, நகை, மொய்ப்பணம். வழியில் "பன்ஹாளா பார்த்துவிட்டுப் போகலாமே" என்று குழந்தைகள் கேட்கும். பார்க்கலாம், தடையில்லை. ஆனால் வெளிமாநிலத்துக்குப் போகும் சாமான் ஏற்றிய வண்டியைவிடத் தெளிவான அழைப்பிதழ் திருடனுக்கு இல்லை. முதலில் விடுதியில் அறை எடுத்துச் சாமான்களை இறக்குங்கள். பிறகு காலி வண்டியில் போங்கள். தங்கப்போவதில்லை என்றால் பெரியவர்களில் ஒருவர் வண்டியோடு இருக்கட்டும். முறை மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் முடியாது என்றால் கோட்டை அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும்.

உடைந்துவிட்டால்

தும்பை விட்டு வாலைப் பிடிக்க நேர்ந்தாலும் முறையாகப் பிடிக்க வேண்டும். இறங்கி வந்து பார்க்கும்போது கண்ணாடி உடைந்திருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. குழந்தைகளை வண்டியில் ஏற்றாதீர்கள். பொடிக் கண்ணாடியும் தோலைக் கிழிக்கும். எதையும் தொடும் முன் நாற்புறமும் படம் எடுங்கள். எண் பலகையும் சுற்றுப்புறமும் தெரியட்டும்.

2. வீட்டுச் சாவி போயிருந்தால் முதல் போன் பக்கத்து வீட்டுக்கு. ஒருவர் வாசலில் உட்கார்ந்து காவல் இருக்கட்டும். பூட்டை மாற்ற ஆள் சொல்லுங்கள்.

3. வங்கி அட்டைகளை முடக்குங்கள். செல்போன் போயிருந்தால் சிம்மை நிறுத்தி, பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி வழியாகக் கருவியையே முடக்கலாம். கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

4. 112-க்கு அழையுங்கள். பள்ளத்தாக்கில் அலைவரிசை கிடைக்காவிட்டால் ஊர் 'போலீஸ் பாட்டீல்' எங்கே என்று கேளுங்கள். 1967-ஆம் ஆண்டு மகாராஷ்டிர கிராமப் போலீஸ் சட்டப்படி நியமிக்கப்படும் உள்ளூர்க்காரர் அவர். காவல் நிலையத்துக்குச் செய்தி சொல்வது அவர் கடமை. எந்த நிலையத்துக்குப் போகவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

5. காவல் நிலையத்தில் புகாரை இங்கே 'பிர்யாத்' என்பார்கள். நம்மூரில் பிராது என்கிறோமே, அதே சொல்தான். இடத்தைப் பார்த்து எழுதுவது பஞ்சநாமா. மராத்தியில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, காணாமற்போன பொருள்களின் பட்டியல் முழுமையாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சான்றிதழ்கள் போயிருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். நகல் வாங்க அந்த வரிகள் உதவும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் கொடுக்கலாம். அதன் நகலை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. இரவில் குழந்தைகளோடு மலைச்சாலையில் தவிக்காமல் புனே வந்து சேர்ந்தும் கொடுக்கலாம். ஆனால் இடத்தைப் பார்க்கப் போலீசார் வர முடியும் என்றால் அங்கேயே கொடுப்பதுதான் வழக்குக்கு நல்லது.

6. இனித்தான் அந்தப் பிளாஸ்டிக் விரிப்புக்கும் ஒட்டுநாடாவுக்கும் வேலை. துடைப்பத்தால் இருக்கையைப் பெருக்கி, துண்டை விரித்து, உடைந்த சன்னலை மூடி ஒட்டி மெதுவாக வீடு வந்து சேருங்கள்.

காப்பீடு எதைக் கொடுக்கும்?

இது என் தொழில் என்பதால் நேராகச் சொல்கிறேன். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் உங்கள் கண்ணாடிக்கு எதுவும் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால், திருட்டு முயற்சியில் வண்டிக்கு ஏற்பட்ட சேதம் அதில் அடங்கும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாயும் கட்டாயக் கழிவு உண்டு.

கோரிக்கை வைக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். கண்ணாடி மாற்ற 3,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய காருக்கு உங்கள் கையில் வருவது 2,000 ரூபாய். ஐந்தாண்டுகள் கோரிக்கையே வைக்காதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 விழுக்காடு தள்ளுபடி இருக்கும். அந்தப் பிரீமியம் 8,000 ரூபாய் என்றால் தள்ளுபடி 4,000 ரூபாய். ஒரே ஒரு கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டு அது முழுவதும் போய்விடும். தள்ளுபடியைப் பாதுகாக்கும் கூடுதல் பிரிவு வாங்கியிருந்தால் மட்டும் தப்பும். 2,000 வாங்க 4,000 இழப்பதா என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

வண்டிக்குள் இருந்த உங்கள் பொருள்கள் சாதாரண மோட்டார் பாலிசியில் அடங்காது. பலர் இதை அறியாமல் மடிக்கணினிக்கும் சேர்த்துக் கேட்கிறார்கள். மறுக்க வேண்டிய சங்கடம் எங்களுக்கு. சொந்தப் பொருள்களுக்கும் சாவி மாற்றுவதற்கும் தனித்தனிக் கூடுதல் பிரிவுகள் விற்கப்படுகின்றன. அவற்றிலும் பொதுவாகப் பணமும் நகையும் சேராது.

அபூர்வமாக வண்டியே போய்விட்டால் இரண்டு சாவிகளையும் நிறுவனம் கேட்கும். வண்டியைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. சாவியை வண்டியிலேயே விட்டவர்களின் கோரிக்கை சிக்கலாவது அதனால்தான். புகாரையும், நிறுவனத்துக்குத் தகவலையும் அன்றே கொடுத்துவிடுங்கள். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, வண்டி திருட்டுப் போனவுடன் போலீசில் புகார் செய்துவிட்டவருக்கு, நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக நஷ்டஈட்டை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. உடனே போலீசுக்குப் போவது எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

கத்தரித்து வைத்துக்கொள்ள

நீண்ட கட்டுரையைக் கிளம்பும் அவசரத்தில் யாரும் படிக்க முடியாது. எனவே சுருக்கமாக ஏழு வரிகள். இதைக் கத்தரித்து, சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

அசல் காகிதங்களும் நகையும் வீட்டில்.
வீட்டுச் சாவியும் பணமும் போனும் உடம்போடு.
சாமான் டிக்கியில், அதுவும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே.
இருக்கையில் காலிப் பைகூட இல்லை. கிளவ் பாக்ஸ் காலி, திறந்தபடி.
தரையில் கண்ணாடித் துகள் இல்லாத, ஆள் இருக்கும் இடத்தில் வண்டி.
எல்லாக் கண்ணாடியும் மேலே. கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாயிற்று.
மாமாவிடம் ஒரு வார்த்தை, சாப்பாட்டுக்கும் சேர்த்து.

இந்த ஏழையும் செய்து முடிக்கக் கால் மணி நேரம் போதும். பிறகு கோட்டை வாசலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிரிக்கும்போது, கீழே வண்டி என்ன ஆயிற்றோ என்ற நினைப்பு வராது. வண்டியில்தான் ஒன்றும் இல்லையே!